பூடில் நாயின் கதையும் ஒரு குட்டி வாங்கிய கதையும்

எங்கள் பெரியம்மா வீட்டில் ஒரு பூடில் இருக்கிறது. பெயர் பஞ்சு. மினியேச்சர் வகை, வெள்ளை நிறம், பார்ப்பதற்கு உண்மையிலேயே பஞ்சு மாதிரிதான். அதற்கு ஐந்து வயது ஆனபோது ஒரு நாள் சாயங்காலம் வாசல் படியில் மோதிக்கொண்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் இருட்டிய பிறகு தோட்டத்துக்குப் போக மறுத்தது. பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தேட ஆரம்பித்தது. வெட் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது பரம்பரையா வர்றதுங்க. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா தேயுது. மருந்து கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

பெரியம்மா குட்டியை விற்றவருக்கு போன் செய்தார். அவர் சொன்ன பதில்: "அம்மா, தாய் தகப்பன் ரெண்டும் இப்பவும் என்கிட்டதான் இருக்கு. ரெண்டுக்கும் கண்ணு ஜம்முனு இருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

அவர் பொய் சொல்கிறார் என்று வீட்டில் எல்லோரும் திட்டினோம். நானும்தான். இப்போது அக்கா (பெரியம்மா மகள்) பஞ்சுவுக்குத் துணையாக இன்னொரு பூடில் குட்டி வேண்டும் என்கிறாள். அதுவும் அதே ஆளிடம், அதே தாய் தகப்பனின் அடுத்த ஈற்றில்! "பஞ்சு மாதிரியே சாதுவா இருக்கும்ல" என்பது அவள் கணக்கு. "நீதான் எதையாவது படிச்சிட்டே இருப்பியே, பார்த்துச் சொல்லு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். பி.காம். படிக்கிற எனக்கு நாயின் மரபியல் எங்கே தெரியும்? ஆனால் தோண்டத் தோண்ட, இது நாம் வகுப்பில் படிக்கிற சந்தைக் கதையாகவே இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீரில் குதித்த வேட்டை நாய்

பூடில் என்றாலே நமக்கு சினிமாவில் பணக்காரச் சீமாட்டி மடியில் உட்கார்ந்திருக்கும் நாய்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது உழைக்கும் நாய். சுட்டு வீழ்த்திய வாத்தைக் குளத்தில் நீந்திப் போய் எடுத்து வருவதுதான் அதன் வேலை. பெயரே ஜெர்மன் மொழியில் தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கனீஷ்' என்பார்கள். அது வாத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது.

அந்த விசித்திரமான முடிவெட்டும் அழகுக்காகத் தொடங்கியதில்லை. நனைந்த முடி கனக்கும், நீந்த முடியாது. அதனால் உடம்பின் பின்பகுதியை மழித்துவிட்டு, குளிர் தாக்கக்கூடாத மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டார்கள். வேலைக்காக வெட்டிய முடி பின்னால் ஃபேஷனாகிவிட்டது. பூடிலின் மொத்த வரலாறும் இந்த முடிவெட்டு மாதிரிதான். உபயோகத்துக்காக வளர்த்தது மெல்ல மெல்லப் பார்வைக்காக வளர்ப்பதாக மாறியது.

1873-இல் இங்கிலாந்தில் கெனல் கிளப் தொடங்கினார்கள். 1884-இல் அமெரிக்க கெனல் கிளப் வந்தது. இந்த சங்கங்கள் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பதிவேடு வைத்தன. தாயும் தகப்பனும் அந்தப் பேரேட்டில் இருந்தால்தான் குட்டியும் அதில் ஏறும். வெளியிலிருந்து வேறு நாய் உள்ளே வர முடியாது. நம் பாஷையில் சொன்னால், புது முதலீடு வராத கம்பெனி. உள்ளே இருக்கிற சரக்கையே திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டியதுதான். சுழற்றும்போது கொஞ்சம் கொஞ்சம் தொலைந்துகொண்டே இருக்கும், தொலைந்தது திரும்ப வராது.

மவுசு வந்தது, கூடவே சிக்கலும் வந்தது

1935-இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் 'டுக்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒரு வெள்ளை ஸ்டாண்டர்ட் பூடில் முதல் பரிசை வென்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பூடில் அதுதான். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த நாய். அதன் உரிமையாளரான ஷெர்மன் ஹாய்ட் என்பவரின் மனைவியே அதைக் களத்தில் நடத்தி வந்தார். அதுவரை அமெரிக்காவில் அதிகம் பேருக்குத் தெரியாத பூடிலின் மீது எல்லார் கண்ணும் திரும்பியது.

1960-இல் அமெரிக்க கெனல் கிளப் பதிவில் பூடில் முதலிடத்துக்கு வந்தது. 1982 வரை அந்த இடத்தை விட்டு இறங்கவே இல்லை! இருபது ஆண்டுக்கு மேல் ஒரே இனம் நம்பர் ஒன்.

டிமாண்ட் ஏறினால் சப்ளை ஏறும், இது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் சப்ளை எப்படி ஏறியது என்பதுதான் கேள்வி. ஒரு பெண் நாய் வருடத்துக்குச் சில குட்டிகள்தான் போடும். ஆண் நாய்க்கு அந்த வரம்பு கிடையாது. கண்காட்சியில் ஜெயித்த ஆண் நாய் ஒன்று நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தகப்பனாக முடியும். எல்லோருக்கும் சாம்பியனின் வாரிசு வேண்டும். ஆக, குட்டிகள் எண்ணிக்கையில் பெருகின, ஆனால் தாத்தாக்கள் எண்ணிக்கையில் குறைந்தார்கள்.

ஸ்டாண்டர்ட் பூடிலில் இதன் உச்சம் 1950-களில் தொடங்கியது. கனடாவின் வான்கூவர் பகுதியில் ஜீன் லைல் என்பவர் 'வைக்ளிஃப்' என்ற பெயரில் கறுப்புப் பூடில்களை வளர்த்தார். அருமையான நாய்கள். கண்காட்சிகளில் ஜெயித்துக்கொண்டே இருந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்ததால் குட்டிகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே தரத்தில் வந்தன. அவற்றை மற்ற வளர்ப்பாளர்களும் தேடித் தேடி வாங்கித் தங்கள் நாய்களோடு சேர்த்தார்கள். கடைசியில் இன்றைய ஸ்டாண்டர்ட் பூடில்களில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் அதே சில நாய்கள்தான் மறுபடி மறுபடி வருகின்றன.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருந்த நாய்கள் ஆரோக்கியமாக, அழகாக இருந்தன. இருப்பதில் சிறந்ததை எல்லோரும் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவர் முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. எல்லோரும் ஒரே முடிவை எடுத்ததுதான் தப்பாகப் போனது. ஊரே சேர்ந்து தன் சேமிப்பை ஒரே கம்பெனி ஷேரில் போட்டால் என்ன ஆகும்?

மறைந்திருந்தது வெளியே வந்தது

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகளாக இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒடுங்கு நோய்களில் ஒரு பிரதி பழுதானாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். நாய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பழுது உள்ளே இருக்கும். இப்படிப்பட்ட இரண்டு நாய்களை இணை சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு, பழுதைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாக இருக்க 50 சதவீதம், முழுக்கத் தப்பிக்க 25 சதவீதம்.

உறவுக்குள் சேர்க்கும்போது ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிட 1922-இலேயே சீவால் ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒன்றுவிட்ட சகோதர சகோதரி சேர்ந்தால் 6.25 சதவீதம், ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை சேர்ந்தால் 25 சதவீதம். மனிதர்களில் சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது டாக்டர்கள் எச்சரிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஸ்டாண்டர்ட் பூடில்களில் இரண்டு நோய்கள் தலைதூக்கின. ஒன்று செபேசியஸ் அடினைடிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளைத் தாக்கும். பொடுகு போல உதிரும், முடி கொட்டும். முடிக்குப் பெயர்போன இனத்துக்கே இந்த நோய்!

இன்னொன்று அடிசன் நோய். 1855-இல் தாமஸ் அடிசன் என்ற லண்டன் டாக்டர் மனிதர்களில் கண்டு எழுதியது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்யாமல் போகும். நாய் சோர்ந்து கிடக்கும், வாந்தி எடுக்கும், இரண்டு நாளில் சரியாகும், மறுபடி வரும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று மயங்கி விழும். கண்டுபிடித்துவிட்டால் ஹார்மோன் மருந்தோடு வாழ்நாள் முழுக்க நன்றாக இருக்கலாம், கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரு சுவாரசியமான ஒற்றுமை: பூடில் முதலிடத்துக்கு வந்த அதே 1960-இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்த கென்னடிக்கும் இதே நோய் இருந்தது. அதை வெளியே தெரியாமல் மறைத்திருந்தார்கள்.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் ஆம்ஸ்ட்ராங் 1990-களில் இந்த வம்சாவளிக் கணக்கை உட்கார்ந்து போட்டார். உறவுக் கலப்பு 6.25 சதவீதத்துக்குக் கீழே இருந்த பூடில்கள், 25 சதவீதத்தைத் தாண்டியவற்றை விடச் சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன என்று கண்டார். நாய்க்கு நான்கு வருடம் என்பது நமக்கு இருபது வருடம் மாதிரி!

2015-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பீடர்சன் குழு டி.என்.ஏ.வை வைத்து இதையே ஆராய்ந்தது. நோயுள்ள பூடில்களையும் நோயில்லாதவற்றையும் ஒப்பிட்டு, வித்தியாசமான மரபணுவைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். தெளிவாகப் பிரித்துக் காட்டும் வித்தியாசம் கிடைக்கவில்லை. காரணம், நோய்க்கு அடித்தளமான மரபணுக்கள் கிட்டத்தட்ட இனம் முழுவதும் பரவிவிட்டன என்று அவர்கள் கருதினார்கள். நல்ல செய்தியும் இருந்தது. இந்த இனத்தில் பன்மைத்தன்மை இன்னும் அழிந்துபோகவில்லை, வைக்ளிஃப் வழியில் அதிகம் சிக்காத சிறுபான்மை நாய்களிடம் மிச்சம் இருக்கிறது.

பஞ்சுவின் கண்

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பஞ்சுவுக்கு வந்ததை டாக்டர்கள் சுருக்கமாக பி.ஆர்.ஏ. என்பார்கள். முதலில் இருட்டில் பார்க்கும் செல்கள் சாகும், பிறகு பகலில் பார்ப்பவையும் சாகும். நூறு வருடத்துக்கு முன்பே ஸ்வீடனில் கார்டன் செட்டர் என்ற வேட்டை நாயில் மாக்னுசன் என்பவர் இதை விவரித்திருக்கிறார். மினியேச்சர், டாய் பூடில்களில் இது பல காலமாகத் தெரிந்த நோய்.

இதில் கொடுமை என்னவென்றால், பார்வை மங்குவது நாய் வளர்ந்து பெரிதான பிறகுதான் தெரியும். அதற்குள் அது இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகளைப் போட்டிருக்கும். நோயைப் பார்த்து ஒதுக்குவது என்ற பழைய முறை இங்கே பலிக்காது.

2006-இல் கஸ்டவோ அகிர்ரே, கிரிகோரி அக்லாண்ட் ஆகியோரின் குழு இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து வெளியிட்டது. ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். பூடில் மட்டுமல்ல, லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் என்று பல இனங்களில் அதே எழுத்து, அதே இடத்தில். அதைவிட ஆச்சரியம், பரம்பரைப் பார்வை இழப்பு இருந்த வங்கதேசத்தைச் சேர்ந்த ஒரு மனிதரிடமும் அதே பிழை இருந்தது. பஞ்சுவின் கண்ணுக்கும் ஒரு மனிதக் கண்ணுக்கும் இடையே அவ்வளவு நெருக்கம்.

"பூடிலையும் லாப்ரடாரையும் கலந்துவிட்டால் நோயே வராது" என்று விளம்பரம் செய்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. 1989-இல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், கணவருக்கு முடி அலர்ஜி இருந்த ஒரு ஹவாய் பெண்மணிக்கு வழிகாட்டி நாய் கொடுப்பதற்காக அந்தக் கலப்பைச் செய்து 'லாப்ரடூடில்' என்று பெயர் வைத்தார். பின்னாளில், எந்தப் பரிசோதனையும் இல்லாமல் காசுக்காகக் கலப்பவர்களைப் பார்த்து அவரே வருத்தப்பட்டார். இரண்டு இனத்திலும் ஒரே பழுது இருந்தால் கலந்து என்ன பயன்?

சரி, பஞ்சுவை விற்றவர் பொய் சொன்னாரா? இல்லை! மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் ஒவ்வொரு பழுதான பிரதி, இருவருக்கும் கண் ஜம்மென்று இருக்கும். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நாங்கள்தான் தெரியாமல் திட்டினோம். ஆனால் ஒரு பரிசோதனை செய்திருந்தால் பஞ்சு பிறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். பஞ்சுவுக்குப் பார்வை போனதைக் கேட்ட பிறகும் அதே ஜோடியைச் சேர்க்கிறாரே, அதற்கு மன்னிப்பு கிடையாது.

எலுமிச்சைச் சந்தை

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பலன் 2001-இல் நோபல் பரிசு. அமெரிக்காவில் ஓட்டை காரை 'எலுமிச்சை' என்பார்கள். விற்பவனுக்கு காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் தருவான். நல்ல கார் வைத்திருப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது, சந்தையை விட்டுப் போய்விடுவான். கடைசியில் எலுமிச்சை மட்டும் மிஞ்சும்.

நாய்க்குட்டிச் சந்தையும் இதுதான். பரிசோதனைக்குச் செலவு செய்யும் வளர்ப்பாளரும் செய்யாதவரும் காட்டும் குட்டிகள் இரண்டு மாதத்தில் ஒரே மாதிரிதான் துள்ளும். விலை குறைவானதை நாம் வாங்கினால், செலவு செய்தவர் தொழிலை விட்டுவிடுவார்.

அகர்லாஃபே இதற்கு வழியும் சொன்னார்: உத்தரவாதம், நம்பகமான சான்று. 1966-இல் அமெரிக்காவில் ஜான் ஓலின் என்ற தொழிலதிபர், தன் வேட்டை நாய்களின் இடுப்பு மூட்டுக் கோளாறைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துத் தரம் சொல்லும் ஓர் அறக்கட்டளையைத் தொடங்க உதவினார். இன்றும் அது கண், மூட்டு, தோல் என்று சான்று தருகிறது. பரிசோதனையால் பலன் உண்டா என்று கேட்டால் உண்டு. ஸ்டாண்டர்ட் பூடில் குட்டிகள் பிறந்த சில வாரங்களில் வலிப்பு வந்து சாகும் ஒரு நோய்க்கு 2008-இல் மிசௌரி பல்கலைக்கழகம் மரபணுவைக் கண்டுபிடித்தது. சோதனை செய்து சேர்த்தால் அந்த நோயுள்ள குட்டியே பிறக்காது.

அக்காவுக்கு எழுதிக் கொடுத்த பட்டியல்

1. வம்சாவளிப் பத்திரம் ஆரோக்கியச் சான்று அல்ல. அது தாய் தகப்பன் யார் என்று மட்டும்தான் சொல்லும். ஆனாலும் வாங்கிப் படி. ஒரே பெயர் தாத்தா வரிசையில் இரண்டு பக்கமும் வந்தால் யோசி.

2. தாய், தகப்பன் இரண்டின் டி.என்.ஏ. பரிசோதனை முடிவையும் காகிதத்தில் கேள். "டாக்டர் பார்த்துட்டாரு" என்பது பதில் இல்லை. ஒன்று பழுதைச் சுமந்தாலும் மற்றது சுத்தமாக இருந்தால் குட்டிக்கு அந்த நோய் வராது. சுமக்கும் நாயை எல்லாம் ஒதுக்கினால் இனம் இன்னும் குறுகிவிடும், அதனால் அப்படிப்பட்ட வளர்ப்பாளரைப் பார்த்துப் பயப்படாதே.

3. இடுப்பு மூட்டுக்கு அந்த அமெரிக்க அறக்கட்டளை இரண்டு வயது நிறைந்த நாய்க்குத்தான் இறுதிச் சான்று தருகிறது. ஸ்டாண்டர்ட் பூடில் என்றால் குட்டியிடம் தேடாதே, பெற்றோரிடம் கேள். சின்ன வகைகளில் முழங்கால் சில்லு நழுவும். அதைக் குட்டியிலேயே டாக்டர் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

4. அடிசனுக்கு முன்கூட்டிச் சொல்லும் மரபணு சோதனை இல்லை. அதனால் தாத்தா பாட்டி எத்தனை வயது வரை இருந்தார்கள், எதனால் போனார்கள், முந்தைய ஈற்றுக் குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேள். வயதான ஆண் நாயின் வாரிசு நல்லது, அது தன் ஆரோக்கியத்தை வாழ்ந்தே காட்டிவிட்டது.

5. 'டீகப் பூடில்' என்று ஒரு வகை கெனல் கிளப் பதிவில் கிடையாது. ஏமாறாதே.

6. நம் நாட்டில் 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்.

அக்கா பட்டியலோடு பழைய ஆளுக்கு போன் செய்தாள். இரண்டாவது கேள்வியிலேயே, "இவ்வளவு கேள்வி கேக்கறவங்களுக்கு நான் குட்டி குடுக்கறதில்லமா" என்று வைத்துவிட்டார். இன்னொருவர் பொறுமையாகக் கேட்டார். தாய்க்குச் சோதனை இருக்கிறது, தகப்பனுக்கு இன்னும் எடுக்கவில்லை, எடுத்துவிட்டுச் சேர்க்கிறேன், ஆறேழு மாதம் ஆகும் என்றார். விலையும் கூடுதல். அக்கா காத்திருக்கிறாள்.

பஞ்சு நன்றாக இருக்கிறது. மேசை நாற்காலியை யாரும் இடம் மாற்றக் கூடாது என்பது இப்போது அந்த வீட்டுச் சட்டம். நான் போனால் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, படியை எண்ணி எண்ணி இறங்கி வருகிறது. போன வாரம் தெரியாமல் என் பையை வாசலில் வைத்துவிட்டேன், நேராக வந்து முட்டிக்கொண்டது. பெரியம்மாவிடம் நல்ல திட்டு வாங்கினேன் :-)

உங்களில் யாராவது குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், பூடிலோ வேறு எதுவோ, போகும்போது இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள்.